பட்டாவை விட்டுக் கொடுக்காதே! வெயிலுக்கும் காத்துக்கும் குத்தகை கேள்!

   

நம்ம தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில், காங்கயம் பக்கத்துல எந்தச் சந்தைக்குப் போனாலும், எந்த டீக்கடையில உட்கார்ந்தாலும் ஒரே பேச்சுத்தான். "உங்க காட்டுக்கு சோலார்காரங்க வந்தாங்களா? ஏக்கர் என்ன வெலைக்குக் கேக்கறாங்க?" புரோக்கர் காரில் வந்து இறங்குகிறார். நம்ம சர்வே நம்பரை நமக்கே செல்போனில் எடுத்துக் காட்டுகிறார். "இந்த மானம் பாத்த காட்டுல என்னங்க வருது? வித்துப்போட்டு பணத்தை பேங்குல போட்டீங்கன்னா காலமெல்லாம் வட்டி சாப்பிடலாமுங்க" என்கிறார். அட்வான்ஸ் என்று ஒரு கட்டு நோட்டைத் திண்ணையில் வைக்கிறார்.

அந்தக் கட்டைப் பார்த்தால் யாருக்கும் மனசு அசையத்தான் செய்யும். சொசைட்டியில் நகை அடமானத்தில் இருக்குது. மகள் கல்யாணம் நிற்குது. மழை தவறிப்போச்சு. ஆகவே கை நீட்டுகிறவரைக் குறை சொல்ல இந்தப் பிரசுரத்தைப் போடவில்லை. கை நீட்டுவதற்கு முன்னால் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதை எந்தக் காலத்திலும் விட்டுக் கொடுக்கக் கூடாது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் செய்த தப்பு

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2005ஆம் வருஷம், எங்க அய்யன் காலமான மறு வருஷம், எங்கள் கொறங்காட்டில் 3 ஏக்கரை ஒரு காத்தாடிக்காக நானே கையெழுத்துப் போட்டுக் கிரயம் செய்து கொடுத்தேன். நான் பள்ளிக்கூடம் போனவன். பத்திரம் படிக்கத் தெரிந்தவன். பத்திரத்தில் 3 ஏக்கர் என்றுதான் இருந்தது. ஆனால் கூடவே 'வண்டித் தட பாத்தியம்' என்று ஒரு வரி இருந்தது. மாட்டு வண்டி போகிற தடம்தானே என்று நினைத்துவிட்டேன். வந்தது கிரேன்!

அந்தத் தடத்துக்காக எங்க அப்பாரு காலத்துக் கிளுவை வேலியை வெட்டினார்கள். லாரி லாரியாக மண் கொட்டித் தடத்தை மேடாக்கினார்கள். அதுவரை மேற்கே இருந்து வழிந்து வந்து எங்கள் குட்டையை நிரப்பிய மழைத்தண்ணி, தடத்தில் முட்டி வேறு பக்கம் திரும்பிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் குட்டை நிறைந்து நான் பார்க்கவில்லை. விற்ற பணம் தங்கச்சி கல்யாணக் கடனுக்கும் ஒரு போர்வெல்லுக்கும் போனது. போரில் புழுதிதான் வந்தது. காத்தாடி மட்டும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்குது. "அது ஒவ்வொரு சுத்துக்கும் யாருக்கோ காசு எண்ணுதடா, நம்ம காத்துல" என்று எங்க அம்மா வாசலில் உட்கார்ந்து சொல்லும்.

விற்காமல் குத்தகைக்குக் கொடுத்திருந்தால் இன்றைக்கும் வருஷா வருஷம் பணம் வந்திருக்கும். பட்டாவும் என் பேரில் இருந்திருக்கும். அன்றைக்கு எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. உங்களுக்குச் சொல்லச் சங்கம் இருக்குது.

காத்தாடிக்கும் சோலாருக்கும் நாம் எதிரியா?

இல்லவே இல்லை. நாம் வாயைத் திறந்தாலே 'வளர்ச்சிக்கு எதிரி' என்று முத்திரை குத்துகிறார்கள். அதனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

நிலக்கரி மின்சாரம் விவசாயியை வாழ வைத்ததா? நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்களைக் கேட்டுப் பாருங்கள். 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் நெற்பயிர் நிற்கும்போதே பொக்லைன் இறக்கி வாய்க்கால் வெட்டினார்களே, அதை டி.வி.யில் பார்த்து வயிறு எரியாத விவசாயி உண்டா? அதே 2023ல் காவிரி டெல்டா நிலங்களைக்கூட நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் எடுத்தார்கள். பருவம் தப்பிப் பெய்கிற மழைக்கும், மாசியிலேயே கொளுத்துகிற வெயிலுக்கும் நிலக்கரிப் புகை ஒரு காரணம் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அந்த மழையை நம்பி விதைக்கிறவன் நாம்தான். ஆகவே புகையில்லாத மின்சாரம் வருவது நமக்கு நல்லதுதான்.

காத்தாடி நமக்குப் புதுசும் இல்லை. 1986ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் மின்வாரியம் ஆரம்பித்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், கம்பம் பள்ளத்தாக்கு, நம்ம பாலக்காட்டுக் கணவாய் என்று பெருகி இன்றைக்குத் தமிழ்நாட்டில் 11 ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது. 2030க்குள் நாடு முழுக்க நிலக்கரி அல்லாத மின்சாரம் 5 லட்சம் மெகாவாட் ஆக வேண்டும் என்று மத்திய அரசு 2021ல் உலகத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்திருக்கிறது. சோலாரில் ஒரு மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் வேண்டும். 2016ல் ராமநாதபுரம் கமுதியில் 648 மெகாவாட் போட 2,500 ஏக்கர் பிடித்தது. அப்படியானால் டெல்லி கொடுத்த வாக்கை எங்கே வைத்து நிறைவேற்றுவார்கள்? நம்ம காட்டில்தான்!

ஆகவே வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. யார் நிலத்தில், யாருடைய சம்மதத்தில், யாருடைய லாபத்துக்கு என்பதுதான் கேள்வி.

யார் சொன்னது தரிசு என்று?

கம்பெனிக்காரரும் அதிகாரிகளும் எடுத்த எடுப்பில் சொல்வது, "இது தரிசு நிலம்தானே!" வானத்திலிருந்து எடுத்த படத்தில் பச்சை தெரியவில்லையாம்.

நம்ம கொறங்காடு தரிசா? நாலு பக்கமும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நடுநடுவே வெள்வேல மரம். மழை பெய்தால் புல், வெயில் காய்ந்தால் வெள்வேலங்காய். காடு காடாக மாற்றி மாற்றி மாட்டை விட்டு மேய்க்கிற கணக்கு நம்ம பாட்டன் முப்பாட்டன் போட்ட கணக்கு. உலகம் புகழும் காங்கயம் மாடு மாட்டாஸ்பத்திரியிலா பிறந்தது? இந்தக் கொறங்காட்டில்தான் பிறந்தது. கிணறு வற்றினாலும் ஆடும் மாடும் நம்மைக் காப்பாற்றியது இந்தக் காட்டினால்தான். இதைத் தரிசு என்று எழுதினால் விலை குறையும். விலை குறைத்து வாங்கத்தான் தரிசு என்று எழுதுகிறார்கள். ஊர்க்காரர்களே, முதலில் இந்தச் சொல்லை ஒத்துக்கொள்ளாதீர்கள்!

சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது?

மூன்று சங்கதிகளை மட்டும் பாருங்கள்.

ஒன்று: நிலக்கரிச் சுரங்கம் தோண்டுவதென்றால் 2006ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். கலெக்டர் தரப்பில் வந்து உட்கார வேண்டும். நாம் மைக் பிடித்துக் கேள்வி கேட்கலாம். சோலாருக்கும் காத்தாடிக்கும் அந்த அனுமதியே தேவையில்லை. புகை இல்லை என்பது வாஸ்தவம்தான். ஆனால் தடம், மேய்ச்சல், ஓடைத்தண்ணி, குட்டை இதையெல்லாம் கேட்க ஒரே ஒரு கூட்டம்கூட வேண்டாமா?

இரண்டு: அரசு நிலம் எடுத்தால் 2013ஆம் வருஷத்து நிலமெடுப்புச் சட்டம் வரும். இழப்பீட்டைக் கூட்டிக் கொடுக்க வேண்டும், சமூகப் பாதிப்பை ஆய்வு செய்ய வேண்டும், மறுவாழ்வு தர வேண்டும். கம்பெனி புரோக்கரை வைத்துக் கிரயமாக வாங்கினால் இதெல்லாம் எட்டிப் பார்ப்பதில்லை. விற்பவன் சம்மதித்தான், வாங்குபவன் வாங்கினான், கதை முடிந்தது. நிலம் இல்லாமல் அந்தக் காட்டில் ஆடு மேய்த்தவனை யாரும் கேட்பதில்லை. நமக்கெல்லாம் 1961ஆம் வருஷத்து நில உச்சவரம்புச் சட்டம். அதை 1970ல் திருத்தி அஞ்சு பேர் குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றார்கள். கம்பெனிக்கு அதற்கு மேல் வேண்டுமென்றால் அரசாங்கம் தனியாக அனுமதி கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள்.

மூன்று: டவர். மின்சாரத்தை உண்டாக்கினால் போதுமா? கொண்டுபோகக் கம்பி வேண்டுமே! காத்தாடியும் சோலாரும் பெருகப் பெருக நம்ம தோட்டங்களின் தலைக்கு மேல் உயர் மின்னழுத்தக் கம்பிகளும் பெருகும். இதற்கு என்ன சட்டம் தெரியுமா? வெள்ளைக்காரன் தந்திக் கம்பி இழுக்கப் போட்ட 1885ஆம் வருஷத்து இந்தியத் தந்திச் சட்டம்! 2003ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம் 164ஆம் பிரிவு, அந்தத் தந்தி அதிகாரத்தை மின்தடம் போடுகிறவர்களுக்குக் கொடுக்க வழி செய்தது. தந்தியே 2013ல் நின்றுபோய்விட்டது. 2023ல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் கொண்டுவந்து பழைய தந்திச் சட்டத்தை ரத்து செய்தார்கள். ஆனால் மின்கம்பிக்கு மட்டும் அந்த 1885 சட்டத்தின் மூன்றாம் பகுதி தொடரும் என்று எழுதி வைத்தார்கள். தந்தி செத்துப்போச்சு, நம்ம தலைமேல் ஏறுகிற அதிகாரம் மட்டும் சாகவில்லை!

அந்தச் சட்டப்படி நிலத்தை எடுப்பதில்லை, 'உபயோகம்' மட்டும்தானாம். பட்டா நம் பேரில் இருக்கும். வரி நாம் கட்டுவோம். கம்பிக்குக் கீழே தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, வித்தால் பாதி விலைக்குக்கூட ஆள் வராது.

ஒரு ஏக்கர் 13 சென்ட்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 கிலோவோல்ட் கம்பிக்கு 46 மீட்டர் அகலம் வழித்தடம். உங்கள் தோட்டத்தில் நூறு மீட்டர் நீளத்துக்குக் கம்பி போனால் 4,600 சதுர மீட்டர். அதாவது ஒரு ஏக்கர் 13 சென்ட். மூணு ஏக்கர் வைத்திருக்கிற சிறு விவசாயிக்கு மூணில் ஒரு பங்குக்கு மேல் போச்சு!

இதற்கு என்ன கொடுத்தார்கள்? 2015ல் மத்திய மின்துறை போட்ட வழிகாட்டுதலில், டவர் கால் நிற்கிற இடத்துக்கு நில மதிப்பில் 85 சதம். கம்பிக்குக் கீழே போகிற வழித்தடத்துக்கு அதிகபட்சம் 15 சதம். 2018 டிசம்பரில் திருப்பூர், ஈரோடு, கோவை, நாமக்கல் என்று நம்ம கொங்கு மாவட்ட விவசாயிகள் பந்தல் போட்டு உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தது எதற்கு? இதற்குத்தான். சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து நம்ம புகளூர் வரைக்கும் 1,765 கிலோமீட்டர் நீளத்துக்கு 6,000 மெகாவாட் கம்பி வந்தது. அதே புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகிற கம்பி கேரளத்துக்குள் சுமார் 30 கிலோமீட்டர் பூமிக்கடியில் கேபிளாகப் போகிறது. நம்ம பக்கம் முழுக்க டவர். அங்கே முடிந்தது இங்கே ஒரு கிலோமீட்டர்கூட முடியாதா என்று கேட்டோம். செலவு அதிகம் என்றார்கள். எல்லாக் கம்பியையும் புதைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் புதைக்காமல் மிச்சம் பிடித்த பணம் யாருடைய தோட்டத்திலிருந்து மிச்சமானது?

நாடு பூராவும் விவசாயிகள் மறித்த பிறகு 2024 ஜூனில் வழிகாட்டுதலை மாற்றினார்கள். டவர் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதம், வழித்தடத்துக்கு 30 சதம். உட்கார்ந்து போராடினால் 15 முப்பது ஆகும் என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் இது வழிகாட்டுதல்தான், சட்டம் இல்லை. அதுவும் ஒரு தடவைப் பணம். கம்பி நிற்கப்போவது நம்ம பேரன் காலம் வரைக்கும். வருஷா வருஷம் மின்சாரம் ஓடினால் வருஷா வருஷம் வாடகை ஏன் இல்லை?

ஒன்றை மறக்காதீர்கள். 1885 சட்டத்திலேயே நமக்கும் இரண்டு பிடி இருக்குது. 10ஆம் பிரிவு, சேதத்தைக் குறைவாகச் செய்ய வேண்டும், செய்த சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும் என்கிறது. 16ஆம் பிரிவின்படி நாம் மறித்தால் அவர்கள் கலெக்டரிடம் போய் உத்தரவு வாங்க வேண்டும். இழப்பீடு போதாது என்றால் நாம் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். நிலம் எங்கே இருக்கிறது, கம்பி எப்படிப் போகிறது என்று ஒவ்வொரு நிலத்தையும் பார்த்துத்தான் இழப்பீடு சொல்ல வேண்டும் என்று கேரள மின்வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2007ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆகவே வாயால் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

மற்ற மாநிலத்தில் முடிந்தது நமக்கு முடியாதா?

கர்நாடகம், துமகூரு மாவட்டம், பாவகடா. நம்ம மூலனூரைவிடக் காய்ந்த பூமி. அங்கே 2,050 மெகாவாட் சோலார் பார்க், சுமார் 13 ஆயிரம் ஏக்கர். நிலத்தை வாங்கவில்லை. மாநில அரசு சம்பந்தப்பட்ட ஒரு கம்பெனி விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்தது. ஏக்கருக்கு வருஷம் 21,000 ரூபாய்; இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் 5 சதம் ஏற்றம். 25 வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்கள், ஏக்கருக்கு 7 லட்ச ரூபாய் வருகிறது. அதற்குப் பிறகும் பட்டா விவசாயி பேரில்தான்.

மகாராஷ்டிரத்தில் 2023ல் கொண்டுவந்த திட்டத்தில் விவசாயி நிலத்துக்கு எக்டேருக்கு வருஷம் 1,25,000 ரூபாய் குத்தகை, வருஷா வருஷம் 3 சதம் ஏற்றம் என்று நிர்ணயித்தார்கள். ஏக்கருக்கு 50 ஆயிரம். கிராமப் பஞ்சாயத்துக்கும் வருஷம் 5 லட்சம் வீதம் மூணு வருஷம். அதில் வருகிற மின்சாரம் விவசாய மோட்டாருக்குப் பகலில் ஓட.

குஜராத்தில் கேடா மாவட்டம் துண்டி கிராமம். அங்கே 2016 வாக்கில் விரல் விட்டு எண்ணுகிற அளவு விவசாயிகள் சேர்ந்து சோலார் கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். சோலார் பம்பில் தண்ணி பாய்ச்சிவிட்டு மிச்ச மின்சாரத்தை யூனிட் 4 ரூபாய் 63 பைசாவுக்கு மின்சாரக் கம்பெனிக்கே விற்றார்கள். பாலுக்குச் சொசைட்டி வைத்தவன் கரண்டுக்கும் சொசைட்டி வைத்தான்!

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். ஒரு மெகாவாட் சோலார் வருஷத்துக்குச் சுமார் 15 லட்சம் யூனிட் கொடுக்கும். அஞ்சு ஏக்கர் என்று வைத்தால் ஏக்கருக்கு 3 லட்சம் யூனிட். பாவகடா குத்தகை 21,000 ரூபாய் என்றால் யூனிட்டுக்கு 7 பைசா. கோடிக்கணக்கில் முதல் போடுவது கம்பெனிதான், பேங்குக் கடனும் அவர்களுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யூனிட்டுக்கு ஏழு பைசா, பத்துப் பைசா நிலத்துக்காரனுக்குக் கொடுத்தால் எந்தக் கம்பெனியும் மூழ்கிவிடாது.

"பையன் பனியன் கம்பெனிக்குப் போறானுங்க, காடு எதுக்கு?"

கூட்டத்தில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். "செயலாளரே, எனக்கு அறுபத்தெட்டு. பையன் திருப்பூர்ல. மருமக காட்டுப் பக்கமே வர்றதில்லீங்க. நான் யாருக்காகக் காட்டைக் கட்டிக் காக்கோணும்?" நியாயமான கேள்வி. அவரிடம் நான் சொன்னது: "மாமா, நீங்க பாடுபடோணும்னு நான் சொல்லலீங்க. குடுக்காதீங்கன்னும் சொல்லலீங்க. வித்துக் குடுக்காதீங்கன்னுதான் சொல்றேன். பனியன் கம்பெனியில ஆர்டர் இல்லாத மாசம் பையன் என்ன பண்ணுவான்? வருஷா வருஷம் குத்தகை வந்தா அவனுக்கும் அது ஒரு கால்." பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அட்வான்ஸ் வாங்காமல் இருக்கிறார்.

அதே சமயம் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்க வேண்டும். பாவகடாவில் நிலத்துக்காரனுக்குக் குத்தகை வந்தது. நிலமில்லாத கூலிக்காரருக்கும், அந்தக் காட்டில் ஆடு மேய்த்தவருக்கும் என்ன வந்தது? வேலை போனதுதான் மிச்சம். பேனல் கழுவ, புல் வெட்ட, காவல் காக்கச் சிலருக்கு மட்டும் வேலை. நம்ம காட்டில் களை எடுத்த பெண்களும், குத்தகைக்கு மேய்ச்சல் பிடித்த குடும்பங்களும் நம்ம ஊர்க்காரர்கள்தானே? பட்டா இருக்கிறவனுக்கு மட்டும் பேசுகிற சங்கம் பாதிச் சங்கம்தான். அவர்களுக்கும் சேர்த்துக் கேட்டால்தான் ஊர் நம்மோடு நிற்கும்.

இலவச மின்சாரத்தில் கை வைக்க விடமாட்டோம்

'பசுமை மின்சாரம்' பேசுகிற சிலர் கூடவே இன்னொன்றும் பேசுகிறார்கள்: விவசாயிக்கு இலவசம் எதற்கு, மீட்டர் வை என்று. இலவச மின்சாரம் யாரும் போட்ட பிச்சை இல்லை. மின்கட்டணத்தை எதிர்த்து 1970 ஜூன் 19ல் பெருமாநல்லூரில் மூணு விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். 1972ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவையை மாட்டு வண்டிகள் நிறைத்தன. அந்த ரத்தத்தில் வந்ததுதான் 1984ல் சிறு விவசாயிகளுக்கும், 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் கிடைத்த இலவச மின்சாரம். இன்றைக்குச் சுமார் 23 லட்சம் மோட்டார்கள் அதில் ஓடுகின்றன.

2020ல் மின்சாரத் திருத்த மசோதா வரைவு வந்தது. டெல்லி எல்லையில் உட்கார்ந்த விவசாயிகள் வேளாண் சட்டங்களோடு இதையும் எதிர்த்தார்கள். 2022ல் திரும்பவும் கொண்டுவந்தார்கள். 2025 அக்டோபரில் இன்னொரு வரைவு விட்டார்கள். செலவுக்குத் தக்க கட்டணம் என்று அதில் பேசுகிறார்கள். பெயர் மாறுகிறது, நோக்கம் மாறவில்லை.

நாம் கேட்பது இதுதான். சோலார் மின்சாரம் கொட்டுவது பகலில். நமக்கு மோட்டார் ஓட வேண்டியதும் பகலில். அந்தப் பகல் மின்சாரத்தை எங்கள் பம்புசெட்டுக்கே கொடுங்கள். மின்வாரியத்துக்கும் செலவு குறையும். ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு போய்ப் பாம்பை மிதிக்கிற கதியும் நமக்கு இல்லை. 2019ல் அறிவித்த குசும் திட்டத்தில், சப்ஸ்டேஷனுக்கு அஞ்சு கிலோமீட்டருக்குள் விவசாயிகளோ, கூட்டுறவுச் சங்கமோ, பஞ்சாயத்தோ 500 கிலோவாட்டிலிருந்து 2 மெகாவாட் வரைக்கும் சோலார் போட்டு மின்வாரியத்துக்கு விற்கலாம் என்று இடம் வைத்தார்கள். அந்தக் காகிதம் நம்ம ஊர்ச் சொசைட்டிக்கு வந்து சேர்ந்ததா? கம்பெனிக்கு மட்டும் வழி தெரிகிறது, நமக்கு ஏன் தெரியவில்லை?

கையெழுத்துப் போடும் முன்னால்

1. கிரயம் வேண்டாம். குத்தகை மட்டும். வருஷக் குத்தகையைச் சார்பதிவாளர் ஆபீசில் பதிவு செய்யுங்கள். வெள்ளைத்தாளிலும் வெறும் ஸ்டாம்பு பேப்பரிலும் கையெழுத்து வேண்டாம்.
2. பவர் பத்திரம் யாருக்கும் கொடுக்காதீர்கள். பவர் கொடுத்தவன் நிலத்தைக் கொடுத்தவன்.
3. தடப் பாத்தியம் எத்தனை அடி, எந்தப் பக்கம், தண்ணி போக எத்தனை குழாய் என்று வரைபடத்தோடு எழுதுங்கள். என் குட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.
4. நம்ம நிலத்தை பேங்கில் அடமானம் வைக்கக் கம்பெனிக்கு உரிமை இல்லை என்று ஒரு வரி இருக்க வேண்டும்.
5. வருஷா வருஷம் எத்தனை சதம் ஏற்றம், பணம் வராவிட்டால் என்ன, காலம் முடிந்ததும் காங்கிரீட்டையும் பேனலையும் எடுத்து நிலத்தைச் சுத்தமாக ஒப்படைப்பது யார் என்று எழுதுங்கள்.
6. தனி ஆளாகப் பேசாதீர்கள். பக்கத்துக் காட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே விலை, ஒரே பத்திரம் பேசுங்கள்.

அரசுக்கு நம் கோரிக்கைகள்

1. சோலார், காற்றாலைக்கு நிலம் என்றால் குத்தகைதான் என்று தமிழக அரசு கொள்கை அறிவிக்க வேண்டும். குறைந்தபட்சக் குத்தகையையும் வருஷ ஏற்றத்தையும் நிர்ணயிக்க வேண்டும்.
2. எந்தத் திட்டமானாலும் கிராமசபையில் வைத்துக் கருத்துக் கேட்ட பிறகே அனுமதி.
3. கொறங்காட்டை மேய்ச்சல் பூமி என்று ரெக்கார்டில் ஏற்ற வேண்டும். தரிசு என்று எழுதக் கூடாது.
4. டவருக்கும் கம்பி வழித்தடத்துக்கும் சந்தை மதிப்பில் இழப்பீடு, அதோடு வருஷ வாடகை. முடிந்த இடத்தில் சாலையோரம் புதைவடம்.
5. வருமானத்தில் ஒரு பங்கு பஞ்சாயத்துக்கு. அதில் நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கும் மேய்ப்பவர்களுக்கும் உறுதியான வேலை.
6. இலவச மின்சாரம் தொடர வேண்டும். பகலில் மும்முனை மின்சாரம் வேண்டும். விவசாயிகள் கூட்டுறவுச் சோலாருக்குச் சொசைட்டி மூலம் கடன் வேண்டும்.

விவசாயிகளே! வெயிலையும் காத்தையும் எவனும் பெட்டியில் வைத்துக் கொண்டுவரவில்லை. அது எல்லாருக்கும் பொது. ஆனால் அதைப் பிடிக்கக் கால் ஊன்ற இடம் வேண்டும். அந்த இடம் நம்முடையது. அது நம் கையில் இருக்கிறவரைக்கும்தான் நம்மோடு பேச வருவார்கள். பத்திரம் மாறிவிட்டால் அந்தக் காட்டுக்குள் மாடு நுழைந்தால்கூட நம்மேல் கேஸ் போடுவார்கள்.

தாலுகா ஆபீஸ் முன்னால் நடக்கும் தர்ணாவுக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். பட்டா இருக்கிறவரும் வாருங்கள், இல்லாதவரும் வாருங்கள். வரும்போது புரோக்கர் கொடுத்த பத்திர நகல் இருந்தால் எடுத்து வாருங்கள். சங்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி படித்துச் சொல்கிறோம். காசு வேண்டாம்.

நிலத்தை விற்கமாட்டோம்! உரிமையை விடமாட்டோம்!
வெயிலுக்குக் குத்தகை! காத்துக்குக் குத்தகை! கம்பிக்கு வாடகை!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
வட்டச் செயலாளர்